ஹார்மோன் லூப் பொருத்திக்கொள்வது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி பலருக்கும் தெரியும். அதே டி வடிவச் சாதனத்தில், செப்புக் கம்பிக்குப் பதிலாகத் தண்டில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருந்தால் அது ஹார்மோன் லூப். மிரேனா என்ற வணிகப்பெயரில் வருவது போன்ற வகையில் 52 மி.கி. மருந்து இருக்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசிந்து, கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கும். கருப்பையின் உட்சவ்வை மெலிதாக்கும். சவ்வு மெலிவதால் உதிரப்போக்கும் குறைகிறது. அதிக உதிரப்போக்குக்கு இதையே சிகிச்சையாகப் பொருத்துவது அதனால்தான்.

பொருத்தும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலியும் பயமும் பெரிதாவது பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைக்காததால்.

படி 1: மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியவை

காரணம் தெரியாத இரத்தக்கசிவு, இடுப்பறைத் தொற்று, மார்பகப் புற்றுநோய், கல்லீரல் கட்டி, கருப்பையின் உள்வடிவத்தை மாற்றும் நார்க்கட்டி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். பாலூட்டுகிறீர்களா, பிரசவம் ஆகி எத்தனை மாதம் என்பதும் முக்கியம். பொருத்தும்போது கருப்பைச் சுவர் துளைபடுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கலாம். பாலூட்டும் காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் அந்த வாய்ப்பு கூடும். பொருத்தவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. மருத்துவர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: நாள் குறிப்பது

கர்ப்பம் இல்லை என்று உறுதியாக இருந்தால் எந்த நாளிலும் பொருத்தலாம். மாதவிடாய் தொடங்கி முதல் 7 நாட்களுக்குள் என்றால் உடனே பலன் உண்டு. அதற்குப் பிறகு என்றால் 7 நாட்கள் ஆணுறை தேவை. கருத்தடை மாத்திரையிலிருந்து மாறுகிறவர்கள், லூப் போட்ட அன்றே மாத்திரையை நிறுத்தாமல் இன்னும் 7 நாட்கள் தொடர்வது பாதுகாப்பு.

படி 3: வலிக்கு ஏற்பாடு

‘லேசாகச் சுருக்கென்று இருக்கும்’ என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வது சரியல்ல. சிலருக்கு மாதவிடாய் வலி போல வந்து போகும். சிலருக்குக் கடுமையாக வலிக்கும், குறிப்பாகச் சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கு. ஒரு மணி நேரம் முன்பு உணவோடு எடுக்கும் ஐபுப்ரோஃபென் (400 முதல் 600 மி.கி.) பிந்தைய பிடிப்பு வலியைக் குறைக்கும், பொருத்தும் கணத்து வலிக்கு அது பெரிதாக உதவாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, அந்த மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். பொருத்தும்போதே வலி குறைய வேண்டுமென்றால் கருப்பை வாயைச் சுற்றிப் போடும் லிடோகெய்ன் மரப்பு ஊசி கிடைக்குமா என்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள். மேசையில் படுத்த பிறகு கேட்டால் ‘இங்கே இல்லை’ என்ற பதில் வரக்கூடும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கருப்பை வாயைத் தொடும்போது இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். பசி அதைக் கூட்டும்.

படி 4: மேசையில் என்ன நடக்கும்

முதலில் கைவிரலால் பரிசோதித்து, கருப்பை முன்னே சாய்ந்திருக்கிறதா பின்னேயா என்று பார்ப்பார்கள். இது தெரியாமல் லூப் வைக்கும் மெல்லிய குழாயைச் செலுத்தினால் சுவரில் குத்தும். பிறகு யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, கிருமிநாசினியால் துடைத்து, டெனாகுலம் என்ற இடுக்கியால் கருப்பை வாயைப் பிடிப்பார்கள். முதல் சுருக் வலி இங்கேதான். அடுத்து மெல்லிய அளவுகோலை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார்கள். 6 முதல் 10 செ.மீ. வரை இருப்பது வழக்கம். இரண்டாவது பிடிப்பு வலி இப்போது வரும்.

அளந்த ஆழத்துக்குக் குழாயின் அடையாள வளையத்தை நகர்த்தி வைத்து, டி வடிவத்தின் இரு கைகளும் மடங்கிய நிலையில் லூப்பைச் செலுத்துவார்கள். வளையம் கருப்பை வாய்க்கு 1.5 முதல் 2 செ.மீ. முன்னால் இருக்கும்போது நிறுத்தி, லூப்பின் கைகளை விரித்து, சுமார் 10 விநாடி காத்திருப்பார்கள். பின்பு மேல்சுவர் வரை தள்ளி, லூப்பை விடுவித்து, குழாயை எடுப்பார்கள். அவசரத்தில் அந்த 10 விநாடியை விட்டுவிட்டால் கைகள் சரியாக விரியாமல் போகலாம். கடைசியில் லூப்பின் அடியிலிருந்து வெளியே தொங்கும் நூலைச் சுமார் 3 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். இடையில் எங்கேயும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்காதீர்கள். தலைசுற்றினால் காலை உயர்த்திப் படுத்திருங்கள்.

படி 5: அடுத்த நாட்களும் மாதங்களும்

ஓரிரு நாட்கள் பிடிப்பு வலி, சில வாரங்கள் திட்டுத்திட்டாகக் கசிவு. முதல் 3 முதல் 6 மாதங்களுக்குக் கசிவு ஒழுங்கற்று வருவதுதான் பலரையும் சலிப்படையச் செய்து, எடுத்துவிடச் சொல்ல வைக்கிறது. சவ்வு மெலிந்த பின் பெரும்பாலும் அது அடங்கும். ஓராண்டில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாயே நின்றுபோகும். அழுக்கு இரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், உதிர்வதற்குச் சவ்வே வளரவில்லை.

கடும் வயிற்றுவலி, காய்ச்சல், துர்நாற்ற வெள்ளைப்படுதல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். தொற்று வந்தால் பெரும்பாலும் முதல் 3 வாரங்களில்தான். லூப் இருந்தும் கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் உடனே ஸ்கேன் தேவை. இந்நிலையில் கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

படி 6: நூல்

நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை. அதன் பிறகு மாதம் ஒருமுறை கையைக் கழுவி, விரலால் நூலைத் தொட்டுப் பாருங்கள், இழுக்க வேண்டாம். நூல் நீண்டிருந்தாலோ, கடினமான பிளாஸ்டிக் தட்டுப்பட்டாலோ லூப் நழுவியிருக்கலாம். இருபதில் ஒருவருக்கு இப்படி நழுவும், அதிகமும் முதல் ஆண்டில். நூலே தென்படவில்லை என்றால் மேலே சுருண்டும் இருக்கலாம், லூப் வெளியேறியும் இருக்கலாம். ஸ்கேனில் தெரியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். மாதவிடாய்க் கப் வைப்பவர்கள், விளிம்பை அழுத்திக் காற்றை விட்ட பிறகே கப்பை வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நூலும் சேர்ந்து இழுபட்டு, லூப்பும் வந்துவிடக் கூடும்.

எடுக்க நினைக்கும்போது, கர்ப்பம் வேண்டாமென்றால் அதற்கு முந்தைய 7 நாட்கள் உடலுறவைத் தவிருங்கள், அல்லது ஆணுறை அணியச் சொல்லுங்கள். உள்ளே உயிரோடிருக்கும் விந்தணு, லூப் வெளியே வந்த பிறகும் கருவுறச் செய்யலாம்.