இணைந்த ஃபைனைட் எலிமென்ட் கணக்குகளைப் பல மெஷ்களில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, அதாவது ஏறக்குறைய 43.6 மீட்டர். அவ்வளவு ஆழமுள்ள நீர் செங்குத்தான சுவரை அழுத்தினால், ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 93 லட்சம் நியூட்டன் விசை விழும் என்பதைக் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். நீருக்கு ஒரு மெஷ் (சிறு துண்டுகளாகப் பிரித்த வலை), சுவருக்கு ஒரு மெஷ் என்று அமைத்து, எல்லையில் இரண்டும் தகவல் மாற்றிக்கொள்ளும்படி கணினியின் பல கோர்களில் ஓட்ட வரும் திருநெல்வேலிப் பகுதி மாணவர்களிடம், எல்லையின் இருபுறமும் இந்த எண் வருகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வது என் வழக்கம். பல நேரம் சுவர்ப் பக்கத்தில் அது வருவதில்லை.

நீர்ப் பக்கத்தில் எல்லைக்கோட்டை 400 துண்டாகவும் சுவர்ப் பக்கத்தில் 100 துண்டாகவும் பிரித்திருக்கிறோம் என்று கொள்வோம். நீர் நோடு (துண்டுகள் சந்திக்கும் புள்ளி) ஒவ்வொன்றும் சுமக்கும் விசை, சுவர் நோடு சுமக்க வேண்டியதில் கால் பங்குதான். அதை அருகிலுள்ள நோடிலிருந்து அப்படியே எடுத்தால் சுவருக்குச் சுமார் 23 லட்சம் நியூட்டன் மட்டுமே போய்ச் சேரும்; நிரலோ எந்தப் பிழையும் காட்டாமல் அழகான வண்ணப்படத்தைத் தந்துவிடும். இடப்பெயர்ச்சியையும் வெப்பநிலையையும் அருகிலுள்ள நோடுகளின் மதிப்புகளிலிருந்து இடைக்கணிப்பு செய்யலாம். நோடு விசையை மட்டும் கூட்டுத்தொகை மாறாதபடி பங்கிட்டே கொடுக்க வேண்டும்.

அடுத்தது எம்பிஐ சார்ந்தது; அதாவது தனித்தனியாக ஓடும் பிராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை. இரு தரப்பும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டுப் பெறக் காத்திருக்கும்படி எழுதிய நிரல், சிறிய மெஷ்ஷில் ஒழுங்காக ஓடும். ஏனெனில் சிறு செய்திகளை எம்பிஐ பெரும்பாலும் தன் இடைநினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. மெஷ் பெரிதானதும் இருவரும் ஒருவருக்காக ஒருவர் நின்றுவிடுவார்கள். நானே ஓர் இரவு முழுவதும் கணக்கு ஓடுவதாக நம்பி, காலையில் முதல் நேரப்படியைக்கூட (கணக்கு ஒரு தடவை முன்னேறும் சிறு கால அளவு) அது தாண்டவில்லை என்று கண்டேன். ஒரு மெஷ்ஷின் பிராசஸ்கள் மட்டும் அழைக்கும் கூட்டலை எல்லாப் பிராசஸ்களுக்குமான கம்யூனிகேட்டரில் (செய்தி பரிமாறும் குழுவில்) வைத்தாலும் இதே கதைதான்.

கோர்களைப் பாதிக்குப் பாதி பிரிப்பதும் தவறு. வேலையின் அளவைப் பார்த்தே பிரிக்க வேண்டும். நீரும் சுவரும் மாறி மாறி ஓடும் முறையில் ஒரு தரப்பு எப்போதும் சும்மா இருக்கும் என்பதால், அங்கே இரண்டு தரப்பும் அதே கோர்களைப் பகிர்ந்துகொள்வதே நல்லது.

பணகுடிப் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கைக்கு, காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ மட்டுமே என்பதால், நேரப்படிக்கு ஒருமுறை தகவல் மாற்றினாலே பெரும்பாலும் போதும். அதே நிரலை 1000 கிலோ அடர்த்தியுள்ள நீரில் நிற்கும் மெல்லிய மதகு ஷட்டருக்குப் பயன்படுத்தினால் விடை வெடித்துச் சிதறலாம். நேரப்படியைச் சிறிதாக்கினால் இன்னும் மோசமாகலாம். ஒவ்வொரு படியிலும் இருபுறமும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, எய்ட்கன் தளர்வு (ஒவ்வொரு சுற்றிலும் புதிய திருத்தத்தில் எவ்வளவு பங்கை ஏற்பது என்ற தளர்வு எண்ணைத் தானே மாற்றிக்கொள்வது) போன்ற முறையைச் சேர்ப்பதே வழி.

ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் மீண்டும் தொடங்க வசதியாக, இரு மெஷ்களின் நிலையையும் ஒரே நேரப்படியில், அப்போதைய தளர்வு எண்ணோடு சேர்த்தே சேமிக்க வேண்டும்.