புது கேம்பெயின் உலகத்தை எடுப்பதா, விடுவதா? எபெரானை வைத்து ஒரு சோதனை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஆரம்பித்த எந்தக் குழுவிலும் சீக்கிரமே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "வேற உலகத்துல ஆடலாமா?" பகடை உருட்டும் விதிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நாடுகள், கடவுள்கள், வரலாறு, பழைய பகைகள் இவைதான் மாறும். இந்தத் தொகுப்பைத்தான் செட்டிங் என்கிறார்கள். அதில் பல ஆட்டங்களாகத் தொடரும் கதைக்குக் கேம்பெயின் என்று பெயர். கடையில் செட்டிங் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை, எல்லாவற்றின் அட்டையும் அழகாகத்தான் இருக்கும். அவற்றில் எது நம் மேசைக்கு ஒத்துவரும் என்று பார்க்கும் வழியை இங்கே எபெரான் என்ற செட்டிங்கை வைத்துச் சொல்கிறேன்.

எபெரான் பிறந்ததே ஒரு போட்டியில்தான். 2002இல் இந்த ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் புது உலகத்துக்கு யோசனை கேட்டது. ஏறத்தாழ 11,000 யோசனைகள் வந்து குவிந்தன. கீத் பேக்கர் அனுப்பியது தேர்வாகி, 2004இல் புத்தகமாக வந்தது. ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கான எபெரான் புத்தகம் 2019இல் வெளியானது.

படி 1: இப்போது என்ன குறை என்று கேளுங்கள்

புத்தகம் வாங்கும் முன் உங்கள் ஆட்டக்காரர்களிடம் பேசுங்கள். "சண்டை ரொம்ப நேரம் இழுக்குது" என்றால் அது விதிகளின் பிரச்சினை, உலகத்தை மாற்றினால் தீராது. "எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கு, யாருக்கு எதிரா நிக்கறோம்னே தெரியல" என்றால்தான் மேலே போவதில் பொருள் உண்டு.

படி 2: ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?

இந்த உலகம் மற்றதிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். 1991இல் வந்த டார்க் சன் என்ற செட்டிங் இதற்கு நல்ல உதாரணம். உலோகம் அரிது, கடவுள்கள் கிடையாது, மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடி கருகிப்போகும். அவ்வளவுதான், உலகமே கண்முன் வந்துவிடுகிறது. எபெரானுக்கு என் வரி: மந்திரம் தொழில்துறையாகிவிட்ட கண்டத்தில், நூறு வருடப் போர் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது.

"பழமையான, மர்மங்கள் நிறைந்த, வீரர்களுக்காகக் காத்திருக்கும் நிலம்" என்பதைத் தாண்டி உங்களால் எதுவும் எழுத முடியவில்லையா? அப்படியே மூடி வைத்துவிடலாம். அந்த நிலம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

படி 3: ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்?

என் கணக்கில் முக்கால்வாசி முடிவு இந்தப் படியில்தான். செட்டிங் புத்தகங்கள் வரலாற்றில் மூழ்கடிக்கும். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய பேரரசன் பெயர் முதல் ஆட்டத்தில் யாருக்கும் பயன்படாது. இன்றைக்கு ஊரில் எது கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

எபெரானில் கலிஃபார் என்ற பேரரசு ஐந்து நாடுகளாக உடைந்து தங்களுக்குள் போரிட்டது. அந்த உலகத்து ஆண்டுக்கணக்கில் 994இல் அந்த ஐந்தில் ஒன்றான சையர் ஒரே நாளில் சாம்பல் நிற மூடுபனிக்குள் அழிந்துபோனது. மிரண்டுபோன மற்ற நாடுகள் 996இல் ஒப்பந்தம் போட்டன. யாரும் ஜெயிக்கவில்லை, அடுத்தது நாமோ என்ற பயத்தில் நிறுத்தினார்கள். ஆட்டம் தொடங்குவது 998இல். சையரை அழித்தது எது என்பதற்கு அதிகாரபூர்வப் புத்தகங்கள் வேண்டுமென்றே விடை தருவதில்லை, உங்கள் மேசையில் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இதிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். வேலையிழந்த சிப்பாய்கள், நாடிழந்த சையர் அகதிகள், போருக்காகவே செய்யப்பட்டு ஒப்பந்தத்தால் சுதந்திரம் பெற்ற வார்ஃபோர்ஜ்டு எனும் உயிருள்ள இயந்திர மனிதர்கள். ஆட்டக்காரரிடம் "போரில் நீ எந்தப் பக்கம் இருந்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கதாபாத்திரத்துக்குப் பின்கதை பாதி தயார். எதிரெதிர்ப் பக்கம் நின்ற இருவர் ஒரே குழுவில் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது சோதனை. பத்து நிமிடம், புத்தகத்தை மூடிவிட்டு, நான்கைந்து சாகசங்களுக்குக் கரு எழுதுங்கள். எனக்கு வந்தவை: மூடுபனிக்குள் விட்டுவந்த குடும்பச் சொத்தை எடுத்துவரச் சொல்லும் ஓர் அகதி, ஷார்ன் என்ற கோபுர நகரத்துக்குப் போகும் லைட்னிங் ரயில் என்ற மந்திர ரயிலில் ஒரு கொலை, தன்னைச் செய்யச் சொன்னது யார் என்று தேடும் வார்ஃபோர்ஜ்டு, போர்க்குற்றம் செய்த தளபதி பேர் மாற்றி மாநகரசபைப் பதவிக்கு நிற்கிறான். உங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை என்றால் உலகம் மோசம் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கானது இல்லை, அவ்வளவே.

படி 4: பெரிய ஆட்கள் குறுக்கே நிற்கிறார்களா?

1987இல் பெட்டித் தொகுப்பாக வந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் அருமையான உலகம். ஆனால் அங்கே எல்மின்ஸ்டர் மாதிரி மகா மந்திரவாதிகள் உலவுகிறார்கள். "அவரே வந்து காப்பாத்தலாமே, நாம எதுக்கு?" என்று ஆட்டக்காரர் கேட்டால், கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் சமாளிக்க வேண்டும். எபெரானில் அதிசக்தி படைத்த நல்லவர்கள் குறைவு. திரேன் நாட்டின் மதத் தலைமை 11 வயதுச் சிறுமியிடம் இருக்கிறது. பேராலயத்துக்குள் அவளை யாரும் அசைக்க முடியாது, வெளியே வந்தால் அந்தச் சக்தியில் பெரும்பகுதி கூடவே வராது. ஆக, ஊரைக் காப்பாற்ற உங்கள் குழுதான் போக வேண்டும்.

படி 5: சுமையை எடை போடுங்கள்

எபெரானில் பெயர்கள் அதிகம். மந்திரத் தொழில்களைக் கையில் வைத்திருக்கும் டிராகன்மார்க் குடும்பங்கள் மட்டுமே 13. வாசிப்பது டன்ஜன் மாஸ்டர் வேலை, சரி. ஆனால் ஆட்டக்காரர்களுக்கு நீங்கள் தருவது ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அந்த ஒரு பக்கத்தை எழுதிப் பாருங்கள். இரண்டு குடும்பம், ஒரு நகரம், ஒரு போர் என்று சுருக்க முடிந்தால் நல்லது. பின்னிணைப்பு தேவைப்பட்டால் அபாயமணி.

புத்தகம் எந்தப் பதிப்பு விதிகளுக்கு எழுதப்பட்டது என்றும் பாருங்கள். பழைய பதிப்பின் நாடு, நகரம், அரசியல் எல்லாம் அப்படியே பயன்படும், எண்களைத்தான் மாற்ற வேண்டிவரும்.

அப்புறம், குழுவின் ருசி. எபெரானில் பார்த்த மாத்திரத்தில் கெட்டவன் என்று யாரையும் சொல்ல முடியாது. மற்ற உலகங்களில் வழக்கமாக வில்லன்களாக வரும் ஓர்க் இனத்தின் பழைய துறவிகள் இங்கே உலகத்தையே காத்தவர்கள், கோவில் பூசாரி ஊழல்காரனாக இருக்கலாம். வாரக்கடைசியில் வந்து நாலு கோப்ளின் எனும் குட்டி அரக்கர்களை வெட்டிவிட்டுப் போகிற குழுவுக்கு இது எரிச்சலூட்டும். அப்படி ஆடுவதில் ஒரு தப்பும் இல்லை, அவர்களுக்கு வேறு உலகம் பாருங்கள்.

படி 6: ஒரே ஒரு ஆட்டம்

இதுவரை தேறினால், தயார்செய்த கதாபாத்திரங்களோடு ஒரு மாலையில் முடியும் சாகசம் ஒன்றை ஆடுங்கள். 2019 புத்தகத்திலேயே முதல் நிலை, அதாவது புதுக் கதாபாத்திரங்களுக்கான சிறு சாகசம் இருக்கிறது, ஷார்னில் நடப்பது. முடிந்ததும் "பிடிச்சிருந்துதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். அவர்கள் தாமாக என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "அந்தக் குடும்பத்துக்காரன் யாருக்காக வேலை செஞ்சான்?" என்று யாராவது கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுப் பேச்சுக்குப் போய்விட்டார்கள் என்றால் வேண்டாம்.

நடுவழியும் உண்டு. ஷார்ன் நகரம் மட்டும் பிடித்திருந்தால், அந்த வானளாவிய கோபுரங்களைத் தூக்கிக்கொண்டுபோய் உங்கள் பழைய உலகத்தின் ஏதோ ஒரு கடற்கரையில் நட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினை மட்டும் பாதியில் இன்னொரு உலகத்துக்கு மாற்றாதீர்கள். பழைய கதையை முடித்துவிட்டு, புதுக் கதாபாத்திரங்களோடு தொடங்குங்கள்.