திங்கட்கிழமைக்காரனின் ரயில் பாதைச் சவாரி

பரிஸில் ஓர் உணவகத்துச் சமையலறையில் எனக்கு வேலை. விடுமுறை ஞாயிறும் திங்களும். பிரான்சின் நாட்டுப்புறத்தில் சைக்கிள் ஓட ஆசைப்படுகிறவனுக்கு இதைவிடப் பொருந்தாத இரண்டு நாள் வாய்க்காது. ஞாயிறு மத்தியானம் பூட்டும் கிராமத்து பேக்கரி பல இடங்களில் செவ்வாய் காலைதான் திறக்கும். அப்படியும் ஒன்பது வருடமாக ஓடுகிறேன். நான் வெறும் வயிற்றோடு கற்றுக்கொண்டதை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

ஓடப்போவது ‘வுவா வெர்த்’ என்ற பசும்பாதைகளில். எல்லாப் பசும்பாதையும் பழைய ரயில் பாதை அல்ல, கால்வாய்க் கரையில் போவதும் உண்டு. எனக்குப் பிடித்தவை ரயில் பாதைகள்தான். 1870களின் கடைசியில் ஃப்ரெய்சினே என்ற அமைச்சர் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் ரயில் விடத் திட்டம் போட்டார். பிறகு பஸ்ஸும் காரும் வந்து, அந்தக் கிளைப் பாதைகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளம் போனது, அது கிடந்த மேடு மிஞ்சியது. அதில் தார் போட்டோ சரளையை இறுக்கியோ நடப்பவர், சைக்கிள்காரர், குதிரைக்காரர் மூவருக்கும் விட்டிருக்கிறார்கள். மோட்டார் வண்டிக்கு இடமில்லை. நீலச் சதுரப் பலகையில் நடப்பவரின் படமும் சைக்கிள்காரரின் படமும் இருந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

முதல் தடவை என்றால் வேறு யோசனை வேண்டாம், பூர்கோஞ் பக்கம் ஜிவ்ரியிலிருந்து க்ளூனிக்குப் போங்கள். 44 கிலோமீற்றர். பிரான்சில் இப்படி மாற்றப்பட்ட முதல் ரயில் பாதை இதுதான், 1997இல் திறந்தார்கள். பரிஸ் பெர்சி நிலையத்தில் ‘தேஎர்’ என்ற மெது ரயிலில் சைக்கிளோடு ஏறி ஷலோன்-சுர்-சோனில் இறங்கலாம். வேக ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவும் காசும் வேண்டும், இல்லாவிட்டால் கழற்றி உறையில் போட வேண்டும். மெது ரயிலில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கோடையில் சில மாகாணங்கள் இதற்கும் முன்பதிவு கேட்கின்றன, போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஷலோனிலிருந்து ஜிவ்ரி பத்துக் கிலோமீற்றர் அளவு.

என் அக்கா மகனை முதல் முறை கூட்டிப் போனபோது ஜிவ்ரியிலேயே கேட்டான்: “மாமா, இந்தத் தார் ரோட்டுக்கு ஏன் மவுண்டன் பைக்?” நியாயமான கேள்வி. தார் மட்டும் போதும் என்றால் எந்தச் சைக்கிளும் போதும். ஆனால் இந்தப் பாதையை நான் முதுகெலும்பாகத்தான் பார்க்கிறேன். இருபுறமும் திராட்சைத் தோட்டம், காடு, குன்று. மரத்திலோ கம்பத்திலோ ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் கண்டால் அது மவுண்டன் பைக் சுற்றுப் பாதையின் அடையாளம். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் கடினம் கூடும். நீலத்தில் ஏறி ஒரு மணி நேரம் மண்ணில் உருண்டுவிட்டுத் திரும்பவும் ரயில் பாதையில் இறங்குங்கள். வழி தவறும் பயம் இல்லை, கீழே போனால் பாதை கிடைக்கும். சிவப்பில் இறங்கி மருமகன் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டதை அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் ரயில் பாதையைச் செங்குத்தாகப் போடவே முடியாது. நூறு மீற்றருக்கு இரண்டு மூன்று மீற்றர் ஏறினாலே அதிகம். இதைக் கேட்டுச் சுலபம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குச் சமதரையாகத் தெரியும், கால் மட்டும் கனக்கும். அப்புறம், இறக்கம் இல்லாததால் மிதிப்பதை நிறுத்த முடியாது. மேடு பள்ளம் இல்லாததால் இருக்கையை விட்டு எழுந்திருக்கவும் மாட்டீர்கள். மலையில் நாள் முழுக்க ஓடியும் நோகாத இடம் இங்கே இரண்டு மணி நேரத்தில் நோகும். கால் மணிக்கு ஒரு தடவை வேண்டுமென்றே எழுந்து நின்று மிதியுங்கள். நல்ல உள்திண்டு வைத்த காற்சட்டையும் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரயருக்கு வருவோம். இரண்டு அங்குல அகலம், நடுவில் கட்டை குறைந்த ரகம் போதும். தாரில் மூன்றரை பார், சரளையில் இரண்டரை பார் காற்று எனக்குச் சரி வருகிறது, என் எடை எழுபத்தெட்டு. ஆனால் இங்கே உண்மையான எதிரி முள். பாதையோர வேலிகளை இலையுதிர் காலத்தில் இயந்திரத்தால் அரைத்துத் தள்ளுவார்கள். கரும்முள், நாவல்நிறப் பழம் தருமே அந்தச் செடி, அதன் துண்டுகள் பாதையெங்கும் கிடக்கும். ஓர் ஒக்டோபர் திங்களில் ஏழு கிலோமீற்றருக்குள் மூன்று தடவை காற்றுப் போனது. கொண்டுபோனது ஒரு ரியூப். மீதித் தூரம் நடைதான். இப்போது ரியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றுகிறேன். பையில் இரண்டு ரியூப், ஒட்டும் சாமான், ரயர் நெம்பி, கைப்பம்ப். புது ரியூபைப் போடுமுன் ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பாதை ஒவ்வொரு தெருவைக் கடக்கும் இடத்திலும் கார் நுழையாமல் தடுப்பு வைத்திருப்பார்கள். மவுண்டன் பைக்கின் கைபிடி அகலம், சில தடுப்புகளுக்குள் இடிக்கும். வேகத்தைக் குறைத்து, தேவையானால் இறங்கித் தூக்குங்கள். குறுக்குத் தெருவில் பெரும்பாலும் கார்காரருக்குத்தான் முன்னுரிமை. அந்த இடங்களில் பக்கத்தில் சிறு வீடு ஒன்று நின்றால் அது பழைய ரயில் கடவைக் காவலரின் வீடு.

சாப்பாடு. இதில்தான் நான் நிறையப் பட்டிருக்கிறேன். நாட்டுப்புறத்தில் கடைகள் பன்னிரண்டு மணிக்கு மூடினால் இரண்டு மணிக்கும் திறக்காமல் போகலாம். ஒரு திங்கள் மூன்று ஊர் தேடி, கடைசியில் ஒரு பாண் விற்கும் தானியங்கி இயந்திரத்துக்கு முன் போய் நின்றேன். அது காசை விழுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து சனி இரவே பரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷபேலில் மட்டன் ரோல்ஸ் நாலு வாங்கிவிடுகிறேன். அதோடு வீட்டில் சுட்ட தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். ரொட்டி இரண்டு நாள் தாங்கும், சம்பல் வியர்த்துப் போன உப்பையும் திருப்பித் தரும். ரோல்ஸை மட்டும் முதல் நாளே தின்றுவிட வேண்டும், வெயிலில் வைத்து விளையாடக்கூடாது.

தண்ணீருக்கு மயானத்துக்குப் போங்கள். பகிடி இல்லை. எந்தக் கிராமத்திலும் கல்லறைப் பூக்களுக்கு ஊற்ற ஒரு பைப் இருக்கும், தேவாலயக் கோபுரத்தைத் தேடினால் பெரும்பாலும் கிட்டவே மயானமும் கிடைக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாத தண்ணீர். உறைபனிக் காலத்தில் பைப்பை அடைத்துவிடுவதும் உண்டு. அப்போது வீட்டுக் கதவைத் தட்டலாம். முதல் சொல் ‘பொன்ஜூர்’ ஆக இருக்கட்டும். அதைச் சொல்லாமல் போத்தலை நீட்டினால் முகம் சுருங்கும். எதிரே நடந்து வருபவருக்கும் அப்படித்தான். பின்னாலிருந்து வந்தால் முதலில் மணி, பிறகு பொன்ஜூர். மணி வைத்திருப்பது சட்டமும்கூட. குதிரைக்கு மட்டும் மணி அடிக்காதீர்கள், மெதுவாகக் குரல் கொடுங்கள்.

க்ளூனியில் ஞாயிறு இரவு தங்குங்கள். திங்கள் காலை மாகோன் பக்கம் தொடர்ந்தால் புவா கிளேர் சுரங்கம் வரும். 1.6 கிலோமீற்றர் நீளம். கோடை வெயிலில் வியர்த்தபடி நுழைந்தால் உள்ளே குளிர் எலும்பைப் பிடிக்கும், மேற்சட்டையை வாசலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியையும் அங்கேயே கழற்றுங்கள். நான் கழற்றாமல் நுழைந்து, சுவரைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன். சுரங்கத்து விளக்கை நம்பாமல் உங்கள் முன்விளக்கு, பின்விளக்கு இரண்டையும் போடுங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மேலே கணவாய் வழியாக ஏறித்தான் போக வேண்டும். அன்றைக்கு மருமகன் மவுண்டன் பைக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இந்த இரண்டு நாள் பிடித்துப்போனால், அடுத்த விடுமுறையில் தெற்கே ‘பாஸா பாயிஸ்’ என்ற பசும்பாதைக்குப் போங்கள். மஸாமேயிலிருந்து பெதாரியோவரை எண்பது கிலோமீற்றர் அளவு, இரண்டு முனையிலும் ரயில் உண்டு. நான் மஸாமேயில்தான் தொடங்குவேன். வழியில் ஃபெனீய் சுரங்கம் வரும். இந்தப் பக்கம் பெய்யும் மழை அத்திலாந்திக்குக்குப் போகும், அந்தப் பக்கம் பெய்வது மத்தியதரைக் கடலுக்கு. சுரங்கத்தைத் தாண்டியதும் வெயிலின் நிறமே வேறு. சரளை அதிகம், மவுண்டன் பைக்குக்கு ஏற்ற இடம். ஒலார்க் ஊரில் இறங்கி நடவுங்கள், பிறகு காரு மலையடியில் எரிக் பள்ளத்தாக்கில் குளியுங்கள். ஜூலை, ஓகஸ்ட் மட்டும் வேண்டாம்.

ஒன்று எச்சரிக்க வேண்டும். பசும்பாதையாக மாற்றாத கைவிட்ட ரயில் பாதைகளும் நிறைய. வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று நுழையாதீர்கள். பலவற்றில் நுழைவது சட்டப்படி குற்றம், பாலங்களின் பலகை இற்றுப்போயிருக்கும், சல்லிக்கல்லில் எந்த ரயரும் புதையும். இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோனபின் எங்கள் ஊர்த் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போர்க்காலப் பதுங்குகுழியான பங்கருக்குப் போய்விட்டன. மிஞ்சிய சல்லிக்கல் மேட்டில் அப்பாவின் சைக்கிளை ஓடப் பார்த்து விழுந்திருக்கிறேன். 2014இல் அங்கே ரயில் திரும்பி வந்துவிட்டது, இனி அந்த மேட்டில் சைக்கிள் ஓட முடியாது. சந்தோஷம்தான்.

மாகோனில் ரயில் ஏறுமுன் ஒரு பழந்துணியால் சங்கிலியையும் ரயரையும் துடைத்துவிடுங்கள். திங்கள் மாலை ரயிலில் சைக்கிளைக் கொக்கியில் மாட்டும் இடம் நெருக்கமானது. பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைக் காற்சட்டையில் உங்கள் சங்கிலி எண்ணெய் பட்டால் பரிஸ்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வரவேண்டும்.