பூவும் படமும்: நெதர்லாந்தில் முதல் வசந்தத்தை வீணாக்கும் தவறுகள்

நெதர்லாந்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் முதல் வசந்தத்துக்குப் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை துலிப் தோட்டம், மறுநாள் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு மியூசியம், அடுத்த வாரம் டென் ஹாக் (தி ஹேக் நகரம்). நாங்களும் முதல் இரண்டு வசந்தத்தை இப்படி ஓடியே கழித்தோம். வீட்டுக்கு வந்து என்ன பார்த்தீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டால், "பஸ்ல போனோம்" என்றார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. புதிதாக வந்தவர்களுக்காவது அது வராமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, நம் வசதிக்குத் தேதி குறிப்பது. ஊரிலிருந்து பெற்றோர் எப்போது வருகிறார்கள், லீவு எப்போது கிடைக்கிறது என்று பார்த்துத்தான் நாள் குறிக்கிறோம். பூ அதற்கெல்லாம் காத்திருக்காது. மார்ச்சில் குரோக்கஸும் டாஃபடிலும் வரும். வயல்களில் துலிப் நிறைந்து நிற்பது வழக்கமாக ஏப்ரல் நடுவில். குளிர் நீண்டால் சில நாள் தள்ளிப்போகும், வெயில் முந்தினால் முன்னால் வரும். லிஸ்ஸ ஊரில் இருக்கும் கோய்க்கன்ஹோஃப் தோட்டம் வருடத்தில் ஏறக்குறைய எட்டு வாரம் மட்டுமே திறந்திருக்கும், மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் 70 லட்சம் பூக்கிழங்குகளை அங்கே கையால் நடுகிறார்கள். ஒரே குழியில் அடுக்கடுக்காக நடுவதால் ஒன்று வாடும்போது அடுத்தது எழும்பி வரும். அதனால் தோட்டத்துக்குள் எந்த வாரம் போனாலும் நிறம் இருக்கும். வெளியே இருக்கும் வயல்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை.

இதை நாங்கள் தெரிந்துகொண்டது மாமியார் வந்திருந்த வருடம். மே முதல் வாரத்தில் ஹார்லமுக்கும் லைடனுக்கும் நடுவே உள்ள கிழங்கு வயல்களைக் காட்ட அழைத்துப் போனோம். பாதி வயல் வெறும் பச்சை. ஒரு வயலில் இயந்திரம் ஒன்று வரிசையாகப் போய்ப் பூக்களின் தலையை மட்டும் சீவிக்கொண்டிருந்தது. வரப்போரம் முழுக்க இதழ் குவியல். "இம்புட்டுப் பூவையும் வெட்டிப் போடுறாங்களே, பாவிங்க" என்று அத்தை பதறிவிட்டார். விஷயம் இதுதான்: அங்கே பயிர் பூ அல்ல, கிழங்கு. பூவை விட்டுவைத்தால் செடியின் சத்து விதைக்குப் போய்விடும். பூவைக் கொய்துவிட்டால் அந்தச் சத்து கீழே இறங்கிக் கிழங்கு பெருக்கும். ஜூன், ஜூலையில் தோண்டி எடுத்து விற்பார்கள். சொன்னதும் அத்தைக்குப் புரிந்துவிட்டது, விவசாயக் குடும்பம் அல்லவா. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு கைப்பிடி இதழை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

அடுத்து, இதை அழுத்தமாகவே சொல்கிறேன்: படம் எடுப்பதற்காக வயலுக்குள் இறங்காதீர்கள். வேலி இல்லாததால் பொது இடம் என்று நினைத்துவிடுகிறோம். அது ஒருவருடைய நிலம், அவருடைய ஒரு வருட வருமானம். தண்டு ஒடிவது மட்டுமல்ல, நம் செருப்பில் ஒட்டிய மண்ணோடு நோய்க்கிருமி ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும். குழந்தையைப் பூவுக்கு நடுவே நிற்க வைக்க ஆசையாக இருந்தால் அதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கும் பண்ணைகள் இருக்கின்றன, அங்கே போகலாம். சாலையோரம் நின்று எடுத்தாலும் படம் அழகாகவே வரும்.

செடி நோய் என்றதும் ஒரு கதை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பூவிலிருந்து ஓவியத்துக்குப் போகும் வழி எங்களுக்கு அங்கேதான் திறந்தது. 17ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டில் கோடுகோடாகத் தீ எரிவதுபோல் நிறம் பிரிந்த துலிப்புக்குத்தான் மதிப்பு. ஒரு கிழங்குக்குக் கொடுத்த விலையைக் கேட்டால் தலை சுற்றும். 1637 பிப்ரவரியில் அந்தச் சந்தை ஒரேயடியாக விழுந்தது. அந்தக் கோடுகளுக்குக் காரணம் ஒரு வைரஸ், அதைப் பரப்பியது அசுவினிப் பூச்சி என்பது பிற்பாடு, 20ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. இன்று அப்படி ஒரு செடி வயலில் தென்பட்டால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பழைய வகைகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் லிம்மன் ஊரில் ஹோர்டஸ் புல்போரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. வசந்தத்தில் மட்டும் திறக்கும், கூட்டம் இருக்காது. கோய்க்கன்ஹோஃபுக்குப் போன பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் லிம்மனுக்குத்தான் போவேன்.

பூவைப் பார்ப்பது ஒரு நாள், படத்தைப் பார்ப்பது வேறொரு நாள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பிரித்துவைப்பதுதான் நாங்கள் செய்ததிலேயே பெரிய தவறு. லிம்மன் போய்வந்த அடுத்த வாரம் டென் ஹாகில் மவுரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்துக்குப் போனோம். அங்கே அம்புரோசியஸ் போஸ்கார்ட் 1618 வாக்கில் வரைந்த ஒரு பூஜாடிப் படம் இருக்கிறது. சன்னல் மேடையில் ஜாடி, பக்கத்தில் சிப்பிகள், பின்னால் தூரத்தில் நீலமாக ஒரு நிலக்காட்சி. பெரியவள் அதன்முன் நின்றுவிட்டாள். போன வாரம் பார்த்த கோடு போட்ட துலிப் அந்த ஜாடியில் இருந்ததால் அவளுக்குத் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, ரோஜாவும் இருக்கே. நம்ம தெருவுல ரோஜா இன்னும் மொட்டே வைக்கலையே?" என்றாள்.

அந்தக் கேள்விதான் அந்தப் படத்தின் ரகசியம். துலிப் ஏப்ரலில் பூக்கும், ரோஜா ஜூனில். இரண்டும் ஒரே ஜாடியில் ஒரே நாளில் நிற்கவே முடியாது. அந்தக் கால ஓவியர்கள் ஒவ்வொரு பூவையும் அதனதன் பருவத்தில் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கற்பனைக் கொத்து கட்டினார்கள். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லியிருந்தால் ஒன்பது வயதுப் பிள்ளை காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். தெருவில் நடந்து பார்த்ததை வைத்து அவளே கண்டுபிடித்தாள்.

இதிலிருந்து வரும் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். புகழ்பெற்ற படத்திலிருந்து தொடங்காதீர்கள். வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண்ணின் முன்னால் எப்போதும் கூட்டம்தான். படமோ 44.5 செ.மீ. உயரம். குழந்தைக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகு மட்டுமே. அதே கட்டிடத்தில் பவுலுஸ் போட்டர் 1647-ல் வரைந்த காளை இருக்கிறது, 2 மீட்டருக்கு மேல் உயரம், 3 மீட்டருக்கு மேல் அகலம். சின்னவன் அதன்முன் தரையில் உட்கார்ந்துவிட்டான். காளையின் முதுகில் ஈ எத்தனை என்று எண்ணினான். சாணி வரைந்திருப்பதைக் கண்டுபிடித்து அக்காவைக் கூப்பிட்டான். கீழே ஒரு தவளை. வானத்தில் ஒரு பறவை. இருபது நிமிடம் ஓடிவிட்டது. அப்புறம் அவனாகவே கைபிடித்து மற்ற அறைகளுக்கு வந்தான். கரேல் ஃபப்ரீட்டியஸ் 1654-ல் வரைந்த சின்னப் பறவை நோட்டுப் புத்தக அளவுதான். அதன் காலில் இருக்கும் மெல்லிய சங்கிலியை அவன்தான் எனக்குக் காட்டினான்.

ஒரு நாளைக்கு ஒரு மியூசியம், அதிலும் நான்கைந்து படம், ஒன்றரை மணி நேரம். இதற்கு மேல் குழந்தைகளை இழுக்க வேண்டாம். டிக்கெட் காசுக்கு முழுதும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் நம்மைத் துரத்துகிறது. அதற்கு மருந்து மியூசியம்கார்ட். வருடம் முழுவதும் நாடெங்கும் நூற்றுக்கணக்கான மியூசியங்களில் செல்லும் என்பதால் அரை மணி நேரத்தில் வெளியே வந்தாலும் மனசு அடித்துக்கொள்ளாது. மியூசியத்திலேயே வாங்கினால் முதலில் தருவது தற்காலிக அட்டை. அது 31 நாளுக்கு, ஐந்து முறைக்கு மட்டும். உடனே ஆன்லைனில் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு அடுத்த மாதம் வாசலில் நின்று விழிப்பவர்கள் நிறைய. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், வான் கோ மியூசியம், டென் ஹாகின் மவுரிட்ஸ்ஹவுஸ் மூன்றிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் பதிவும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வான் கோ மியூசியத்தில் வாசலில் டிக்கெட்டே கிடையாது, நேரம் குறித்து ஆன்லைனில்தான் எடுக்க வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. ஒட்டர்லோவில் உள்ள க்ரோலர்-முல்லர் மியூசியம் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் கார்ட் இருந்தாலும் பூங்கா நுழைவுக்குத் தனிக் காசு. அங்கே இலவசமாகக் கிடைக்கும் வெள்ளை சைக்கிளில் காட்டு வழியாகப் போய் இறங்குவதற்கே அந்தக் காசு தகும்.

பள்ளி நாளில் லீவு சொல்லிவிட்டுக் கூட்டிப்போகலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்து வயதிலிருந்து பள்ளி கட்டாயம், அனுமதி இல்லாமல் ஊர்சுற்ற அழைத்துப் போனால் பெற்றோருக்கு அபராதம் வரும். ஏப்ரல் 27, அரசரின் பிறந்தநாளைக் கொண்டாடும் அரசர் தினம். தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் 26. அன்று ஆம்ஸ்டர்டாம் ரயிலில் குழந்தை வண்டியோடு ஏறுவது பெரும்பாடு. மே 4 இரவு 8 மணிக்குப் போரில் இறந்தவர்களை நினைத்து நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். அந்த நேரத்தில் வெளியே இருந்தால் நாமும் பிள்ளைகளை நிறுத்தி, ஏன் என்று காதோடு சொல்ல வேண்டும். மழைக்கோட்டு பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் தன் இஷ்டப்படிதான் நடக்கும் என்று இங்கே உள்ளவர்களே பழமொழி வைத்திருக்கிறார்கள், வெயிலில் கிளம்பி ஆலங்கட்டி மழையில் திரும்பியிருக்கிறோம்.

பூவையும் படத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்கு எங்களுக்குப் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. ஆம்ஸ்டெல்வேனில் ஆம்ஸ்டர்டாம்ஸ போஸ் காட்டுக்குள் செர்ரிப் பூங்கா இருக்கிறது. 2000-ல் ஜப்பானியப் பெண்கள் அமைப்பு ஒன்று பரிசாகக் கொடுத்த 400 மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பெயர், 200 ஜப்பானியப் பெயர், 200 டச்சுப் பெயர். மரத்தடியில் உட்கார்ந்து மேலே பார்த்தால் பூவும் நீல வானமும் மட்டும். அதன் பிறகு ஒரு நாள் வான் கோ மியூசியத்துக்குப் போய் வாதுமை (பாதாம்) பூக்கள் படத்தைப் பாருங்கள். அதே கோணம்: கீழிருந்து மேலே பார்த்த கிளை, பின்னால் நீலம்.

1890 ஜனவரி 31-ல் ஓவியர் வின்சென்ட் வான் கோவின் தம்பி தேயோவுக்கு மகன் பிறந்தான். பெரியப்பாவின் பெயரையே வைத்தார்கள், வின்சென்ட் வில்லம். பெரியப்பா அப்போது பிரான்சில் ஒரு மனநல விடுதியில் இருந்தார். பிப்ரவரியில் அங்கே முதலில் பூப்பது வாதுமை. அதை வரைந்து குழந்தைக்கு அனுப்பினார். அதே வருடம் ஜூலையில் அவர் இறந்துபோனார். அந்தக் குழந்தை வளர்ந்து, குடும்பத்திடம் இருந்த படங்கள் சிதறாமல் காப்பாற்றியதால்தான் 1973-ல் இந்த மியூசியமே திறந்தது. பெரியப்பா என்ற ஒரு சொல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அன்று பார்த்தேன். சின்னவன் வெளியே வந்ததும், "நம்ம பெரியப்பாகிட்ட வீடியோ கால் பேசலாமா?" என்றான்.

கடைசியாக ஒன்று. ரைக்ஸ்மியூசியத்துக்குப் போகும் நம்மவர்கள் ரெம்பிராண்டைப் பார்த்துவிட்டு, நேராகக் கடைக்குப் போய்க் காந்தம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தண்ணீர் சூழ்ந்த ஆசியக் கூடம் ஒன்று அங்கே தனியாக இருக்கிறது. உள்ளே தமிழ்நாட்டிலிருந்து போன 12ஆம் நூற்றாண்டு நடராசர், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். அதைத் தவறவிட்டு வராதீர்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் எடுத்துக்கொண்டே நகர்வதை விட்டு வரைந்து பாருங்கள் என்று 2015-ல் அந்த மியூசியமே வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டது. பேனாவும் கலரும் வேண்டாம், பென்சில் போதும்.

மாமியாரை அங்கே அழைத்துப் போன அன்று கூடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவர் வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றப் போனார், அப்புறம் நிதானித்து அப்படியே கைகூப்பினார். நான் எதுவும் பேசவில்லை. சின்னவன் தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தான். தூக்கிய பாதம், காலடியில் முயலகன், விரிந்த சடை. வீட்டுக்கு வந்து கலர் தீட்டிக் காட்டினான். சுற்றிலும் இருக்கும் தீச்சுடர்களை ஒவ்வொன்றாகத் துலிப் பூவாகப் போட்டிருந்தான், லிம்மனில் பார்த்த மாதிரியே சிவப்பில் மஞ்சள் கோடு வைத்து.