உடற்பயிற்சியே செய்யாதவர் 40 வயதில் சிலம்பம் பழக

'முதலில் எடையைக் குறைத்துவிட்டுச் சேரலாம்' என்று காத்திருந்தால் வருடங்கள்தான் ஓடும். இப்போதே சேருங்கள், ஆனால் வகுப்பில் பாதியை மட்டும் செய்யுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் முதல் இரண்டு வாரம் 25 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று முறை. இதை ஆசானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்து நிற்க வைத்து நூறு தண்டால் எடுக்கச் சொல்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

பிரஷர், சுகர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வெறும் வயிற்றில் போகக்கூடாது. மரத்துப்போன பாதம் என்றால் வெறுங்காலும் வேண்டாம்.

கம்பு, நிமிர்ந்து நின்றால் உங்கள் புருவ மட்டத்துக்கு வர வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு ஐந்தடிக்குச் சற்று மேல். கனமான மூங்கில் தோளைச் சீக்கிரம் சோர்த்துவிடும். தொடக்கத்துக்குப் பிரம்பே நல்லது. வாங்குமுன் சமதரையில் உருட்டிப் பாருங்கள், கோணல் இருந்தால் துள்ளும். உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினால் கையில் சிலாம்பு ஏறாது.

புதியவர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் பிடியில்தான். பயத்தில் கம்பை இறுக்கினால் மணிக்கட்டு சுழலாது. அந்த வேலையை முன்கை இழுத்துச் செய்யும். சில நாளில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் கம்பைத் தாங்கட்டும், மற்றவை தளர்ந்திருக்கட்டும். சுற்றும்போது முழங்கை விலாவில் ஒட்டினால் கம்பு நேராகக் கணுக்காலில் அடிக்கும். பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் இரண்டு கம்பு தூரம் இருக்கட்டும்.

காலடி வைக்கும்போது முழங்காலை மடக்கி ரொம்பத் தாழ வேண்டாம். முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதவிரல் பார்க்கும் திசையையே பார்த்தால் போதும். ஆழம் பிறகு தானாக வரும்.

வகுப்பில்லாத நாளில் நடை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராது. நடக்க அருமை, ஆனால் அந்தக் கெட்டித் தரையில் குதித்துப் பழகாதீர்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் காய்ந்த மணல் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும். அலை நனைத்த இறுகிய மணலில் நடங்கள். அது சரிவு என்பதால் போன தூரமே திரும்பியும் வாருங்கள், இல்லையென்றால் பாரம் ஒரே காலில் விழும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் வியர்வை சீக்கிரம் உலராது, உடம்பு சூடு தணியாது. சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் கூடவே இருக்கட்டும்.

மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிப்பது இயல்பு. ஒரே மூட்டில் குத்தும் வலி, வீக்கம் என்றால் ஓய்வு. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், இடது கையில் பரவும் வலி வந்தால் அந்த நொடியே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஜோடி ஆட்டத்துக்கு இரண்டு மாதமாவது ஆகட்டும். அப்போதும் தலைக்கவசம் இல்லாமல் இறங்காதீர்கள்.