நோட்-ரெட்: திரையில் தெரிவதும் உள்ளே ஓடுவதும்

நோட்-ரெட்டைத் திறந்தால் இடப்பக்கம் நோட்கள் (ஆளுக்கொரு வேலை செய்யும் பெட்டிகள்) அடுக்கிய பேலட், நடுவில் கட்டம் போட்ட வெற்றுத் திரை, வலப்பக்கம் சைட்பார், மேலே வலது மூலையில், வரைந்ததை ஓடவைக்கும் டிப்ளாய் பட்டன். 2013-ல் ஐபிஎம்மில் நிக் ஓ'லியரியும் டேவ் கான்வே-ஜோன்ஸும் தொடங்கிய, பெட்டிகளை வயரால் இணைத்தே நிரல் அமைக்கும் கருவி இது. இழுத்துப் போட்டு வயரை மாட்ட அரைமணியில் பழகிவிடும். திரையில் தெரிவதுதான் உள்ளேயும் ஓடுகிறது என்று நம்பும்போதுதான் வம்பு.

நோட்டின் மேல் நீலப்புள்ளி இருந்தால் அந்த மாற்றம் இன்னும் டிப்ளாய் ஆகவில்லை. இதைக் கவனிக்காமல், செய்திகளைக் காட்டும் டீபக் டேபை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்காதவர் யாருமில்லை.

அதைவிட மோசம், கண்ணை மூடிக்கொண்டு டிப்ளாயை அழுத்துவது. என் வீட்டு மாடித்தொட்டி மோட்டார் நோட்-ரெட்டில்தான் ஓடுகிறது. ஆன் ஆனதும் ஆஃப் செய்தி டிலே நோட்டில் 20 நிமிடம் காத்திருக்கும். ஒருநாள் மோட்டார் ஓடும்போது, வேறு டேபில் (தனித் திரையில்) ஒரு விளக்கின் பெயரை மட்டும் திருத்தி டிப்ளாய் செய்தேன். டிப்ளாயின் இயல்புநிலை 'ஃபுல்'. எல்லா டேபையும் நிறுத்தி மறுபடி தொடங்கும். காத்திருந்த ஆஃப் செய்தி போயே போச்சு. மாடிப்படியில் தண்ணீர் இறங்கி வந்தபோதுதான் புரிந்தது. பட்டனை ஒட்டிய அம்புக்குறியில் 'மாடிஃபைட் நோட்ஸ்' தேர்ந்தெடுத்திருந்தால் மாற்றிய நோட் மட்டும்தான் மறுபடி தொடங்கியிருக்கும்.

ஒரு நோட்டிலிருந்து இரண்டு வயர் போனால், மேலே இருப்பது முதலில் ஓடும் என்று நினைக்காதீர்கள். திரையில் நோட் இருக்கும் உயரத்துக்கும் ஓடும் வரிசைக்கும் தொடர்பில்லை. முன்பின் முக்கியம் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்துவிடுங்கள்.

இடமிருந்து வலமாக அடுக்குங்கள். வயர் திரும்பி வந்து மற்றவற்றைக் குறுக்கே வெட்டினால் இடியாப்பம்தான். அதற்கு, வயர் தெரியாமல் இரண்டு இடங்களை இணைக்கும் லிங்க் நோட் நல்ல மருந்து, ஆனால் அளவோடு. அதன் இணைப்பு, நோட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் லிங்க்கில் ஒளித்துவிட்டு, எது எங்கே போகிறது என்று நானே தேடியிருக்கிறேன். இன்னொரு ஒளிவிடம் ஃபங்ஷன் நோட்: 200 வரி நிரலை ஒரே பெட்டியில் அடைத்து 'ஃபங்ஷன் 1' என்று விட்டுவிட்டால் அப்புறம் படம் எதற்கு?

பலர் கவனிக்காதது, பல நோட்கள் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக் நோட். எம்க்யூடிடி புரோக்கர் (சாதனங்களின் செய்திகளை வாங்கி உரியவற்றுக்கு அனுப்பும் சர்வர்) முகவரி போன்றவை இதில்தான் இருக்கும், திரையில் வராது. ஒரு டேபை நகலெடுத்துச் சோதனைக்காக அதில் புரோக்கரை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் மூல டேபிலும் மாறிவிடும், இரண்டுக்கும் கான்ஃபிக் ஒன்றே என்பதால். முகவரியில் கைவைக்கும் முன் சைட்பாரில் கான்ஃபிக் பட்டியலைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். எத்தனை நோட்கள் அதை நம்பியிருக்கின்றன என்ற கணக்கு அது.