உறைகுளிரில் மின்சார பைக்: புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

கோடையில் டிஸ்ப்ளே 80 சதவீதம் என்று காட்டினால் அதை அப்படியே நம்பிக் கிளம்பலாம். குளிர்காலத்தில் அந்த எண்ணோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பேட்டரி இப்போது என்ன சூட்டில் இருக்கிறது? ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்), வேகம், சார்ஜ் ஏறுவது, ரீஜென் பிரேக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது) பிடிப்பது எல்லாமே அதைப் பொறுத்துத்தான். வெப்ப நாட்டிலேயே வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிது என்பதால் பேட்டரியிலிருந்தே தொடங்குகிறோம்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது

லித்தியம் அயன் செல்லுக்குள் அயனிகள் ஒரு திரவத்தின் வழியாகத்தான் இங்குமங்கும் போய்வருகின்றன. குளிர் ஏற ஏற அந்தத் திரவம் தடித்து, செல்லின் உள் மின்தடை கூடிவிடும். அதே கரண்டை இழுத்தால் வோல்டேஜ் முன்பைவிட அதிகமாகச் சரியும். சரிவு ஒரு அளவைத் தாண்டியதும் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாருக்குப் போகும் பவரைக் குறைத்துவிடும். சார்ஜ் எங்கும் போய்விடவில்லை. இந்தக் குளிரில் அதை வெளியே எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பேட்டரி சூடானதும் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

மின்சார கார்கள் பலவற்றில் பேட்டரியைச் சூடாக்க ஹீட்டர் இருக்கிறது. பைக்குகளில் பெரும்பாலும் இல்லை. அதனால் கிளம்பும்போது பேட்டரியில் என்ன சூடு இருக்கிறதோ அதுதான் உங்கள் கையிருப்பு. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் இன்னும் கவனம் தேவை. ஆயுள் அதிகம் என்றாலும் குளிரில் அது மற்ற வகையைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

திட்டமிட ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரியில், கோடையில் கிடைத்த தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மைனஸ் 10 என்றால் பாதி. இதில் பேட்டரியின் பங்கு மட்டும் இல்லை. 25 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரியில் காற்று சுமார் 9 சதவீதம் அடர்த்தி கூடியது, நெடுஞ்சாலை வேகத்தில் அதைக் கிழித்துக்கொண்டு போகவே கூடுதல் சக்தி செலவாகும். ஈரச் சாலையும் காற்று இறங்கிய டயரும் தங்கள் பங்குக்கு உறிஞ்சும்.

பலர் கணக்கில் விடுவது திரும்பி வரும் பயணத்தை. கோடையில் 120 கி.மீ. ஓடும் வண்டி, வேலைக்குப் போக 25 கி.மீ., வர 25 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெளியே 0 டிகிரி. வீட்டுக்குள் நின்ற வண்டியில் முழு சார்ஜோடு கிளம்பினால் 70 சதவீதத்தோடு போய்ச் சேரலாம். பிறகு வண்டி எட்டு மணி நேரம் வெட்டவெளியில் நிற்கிறது. பேட்டரி உறைநிலைக்கு இறங்கிவிடும். மாலையில் கிளம்பும்போது ஏற்றத்தில் இழுவை குறைவதைக் கைப்பிடியிலேயே உணரலாம். போகும்போது 30 சதவீதம் தின்ற அதே தூரம், வரும்போது 38 சதவீதம்கூடத் தின்னும். ஆக வீடு சேரும்போது 30 சொச்சம்தான் மிச்சம். 20 சதவீதத்துக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை நம்ப வேண்டாம். அந்த இடத்தில்தான் வோல்டேஜ் சரிவும் குறைந்த சார்ஜும் ஒன்றுசேர்ந்து வேகத்தைத் திடீரென்று அறுக்கும். பின்னால் லாரி வரும் சாலையில் அது ஆபத்து.

சார்ஜ் எப்போது போடுவது

உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால், அயனிகள் செல்லின் எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி திரும்பாது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளே ஷார்ட் ஆகும் வாய்ப்பும் கூடும். நல்ல வண்டியில் பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜை மறுத்துவிடும், அல்லது சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். சார்ஜர் பழுதாகிவிட்டதென்று நினைத்து வேறு சார்ஜரை மாட்டிப் பார்க்காதீர்கள். பேட்டரி குளிர்ந்திருக்கிறது, அதுதான் விஷயம்.

இரவில் டைமர் வைத்து, கிளம்பும் நேரத்தில் சார்ஜ் முடியும்படி செய்யச் சொல்வார்கள். வண்டி நிற்கும் இடம் 5 டிகிரிக்கு மேலேயே இருந்தால் அது நல்ல யோசனை. வெட்டவெளியில் நிறுத்துபவர்களுக்கு அது ஒத்துவராது. அவர்கள் வீடு வந்ததும், பேட்டரி ஓடிய சூட்டோடு இருக்கும்போதே பிளக்கைச் சொருக வேண்டும். நள்ளிரவு வரை காத்திருந்தால் பேட்டரி குளிர்ந்து, காலையில் பார்க்கும்போது ஒரு சதவீதம்கூட ஏறாமல் இருக்கலாம். பெரிய பைக்கின் பேட்டரி பத்துக்கணக்கான கிலோ எடை கொண்டது. குளிர நேரம் எடுக்கும், மறுபடி சூடாகவும் அதே அளவு நேரம் எடுக்கும்.

கழற்றி எடுக்கும் பேட்டரி என்றால் ஒரு பையில் போட்டு மூடி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஆனால் வந்தவுடன் சார்ஜ் போடக் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மேல் வீட்டுக் காற்றின் ஈரம் வேர்த்து நிற்கும். மூடிய பையிலேயே மூன்று நான்கு மணி நேரம் விட்டு, பிறகு எடுத்து, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஹேர் டிரையர், அறை ஹீட்டர், மின்கம்பளி எதுவும் வேண்டாம். வெளிச்செல்கள் சூடாகி உட்செல்கள் குளிர்ந்தே இருக்கும். சென்சார் சூடான பக்கம் இருந்துவிட்டால் பி.எம்.எஸ். ஏமாந்து சார்ஜை அனுமதித்துவிடும். படிக்கட்டிலும் வெளியேறும் வழியிலும் வைத்து சார்ஜ் செய்யவே கூடாது. தீ பிடித்தால் தப்பிக்கும் பாதை அதுதான்.

கேபிளையும் பாருங்கள். சாதாரண பிளாஸ்டிக் உறை குளிரில் விறைத்து, மடிக்கிற இடத்தில் வெடிக்கும். வெளிப்புறத்துக்கென்று செய்த ரப்பர் உறை கேபிள் வளைந்துகொடுக்கும். சுருளாக வைத்தபடி மணிக்கணக்கில் சார்ஜ் செய்தால் கேபிள் சூடேறும், முழுக்க விரித்துவிடுங்கள். சார்ஜிங் மூடி உறைந்து ஒட்டிக்கொண்டால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், அந்த நீர் உள்ளே போய் மறுபடி உறையும். மூடியின் ரப்பர் விளிம்பில் முன்கூட்டியே சிலிகான் கிரீஸ் தடவிவைத்தால் இந்தத் தொல்லையே வராது.

கிளம்பும் முன்னும் ஓட்டும்போதும்

வண்டியை ஆன் செய்வதற்கு முன் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுக் கையை எடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். உள்ளே ஈரம் உறைந்திருந்தால் மெதுவாக வரும், அல்லது பாதியில் நிற்கும். பெட்ரோல் வண்டியில் இதை இன்ஜின் சத்தமே சொல்லிவிடும். மின்சார வண்டி சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்து, ஆன் ஆனதும் பாயும். பிரேக் லீவர்கள், சைடு ஸ்டாண்ட், அதன் சுவிட்ச் ஆகியவற்றையும் இப்படியே ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி குளிர்ந்து நிற்கும்போது அளக்க வேண்டும். 25 டிகிரியில் 36 பி.எஸ்.ஐ. அடித்த டயர், மைனஸ் 5-இல் 31-க்கு வந்திருக்கும். கோடைக்கால ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் பிடிமானம் குறையும். மலைச் சிகரங்களுக்கு நடுவே பனித்துகள் வரைந்த முத்திரையுள்ள குளிர்கால டயர், ஸ்கூட்டர் அளவுகளில் எளிதாகவும் பெரிய பைக் அளவுகளில் அரிதாகவும் கிடைக்கிறது. எந்த டயராக இருந்தாலும் முதல் சில கிலோமீட்டர்கள் மெதுவாகப் போங்கள்.

ரீஜென் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டார் பின்சக்கரத்தைப் பிடிக்கும். வறண்ட சாலையில் அது சுகம். வழுக்கும் சாலையில், வளைவின் நடுவே கையை விட்டால் பின்சக்கரம் சறுக்கப் போதுமானது. ரெயின் மோட் அல்லது ஈகோ மோட் போட்டு, ரீஜெனைக் குறைந்த அளவுக்கு வையுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு: பேட்டரி நன்றாகக் குளிர்ந்திருந்தாலோ முழுதாக நிரம்பியிருந்தாலோ ரீஜென் கிட்டத்தட்ட வேலை செய்யாது, ஏனென்றால் அதுவும் சார்ஜ் ஏற்றுவதுதான். முழு சார்ஜோடு இறங்கும் குளிர்காலக் காலையில், முதல் சிக்னலில் வழக்கமாக நிற்கும் இடத்தில் வண்டி நிற்காது. பிரேக்கைச் சீக்கிரமே மெதுவாகப் பிடிக்கத் தொடங்குங்கள்.

காற்றின் வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழே போனால் சாலையில் பனிக்கட்டி இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இரவில் தரை, காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்திருக்கும். பாலங்கள் முதலில் உறையும், ஏனென்றால் கீழிருந்தும் காற்று குளிர்விக்கிறது. மரநிழல் விழும் வளைவு, சாக்கடை மூடி, டிராம் தண்டவாளம், சாலையில் அடித்த பெயின்ட் கோடு இவையெல்லாம் அடுத்த வரிசை. பிளாக் ஐஸ் என்பது கண்ணுக்கு ஈரச்சாலை போலவே தெரியும் மெல்லிய பனிக்கட்டி. அதன் மேல் ஏறிவிட்டதாகத் தெரிந்தால் பிரேக்கும் திருப்பமும் வேண்டாம், ரீஜென் பிடிக்காதபடி ஆக்சிலேட்டரை மெதுவாகத் தளர்த்தி, வண்டியை நிமிர்த்தி நேராக உருளவிடுங்கள்.

பனியோ பனிக்கட்டியோ சாலையில் இருக்கும் நாளில் பைக்கை எடுக்காதீர்கள். கார் சறுக்கினால் திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டு சக்கரத்தில் முன்சக்கரம் போனால் விழுவதுதான் மிச்சம். பஸ்ஸோ ரயிலோ எது போகும், எத்தனை மணிக்கு என்பதைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே தெரிந்துவைத்திருந்தால் அந்தக் காலையில் முடிவெடுப்பது எளிது.

உடம்பு

5 டிகிரியில் 60 கி.மீ. வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 2 போல உறைக்கும். 0 டிகிரியில் 80 கி.மீ. என்றால் மைனஸ் 10. கால் பக்கம் சூடு தர இன்ஜினும் இல்லை. விரல் மரத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். நடுக்கம் தொடங்கினால் ஓரங்கட்டி எங்காவது உள்ளே போய்ச் சூடேறுங்கள்.

உடம்போடு ஒட்டிப் பருத்தி அணியாதீர்கள், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, நடுவே ஃபிளீஸ், மேலே காற்றுப் புகாத பைக் ஜாக்கெட். கழுத்துக்கு மஃப்ளர் வேண்டாம், தொங்கும் நுனி சக்கரத்திலோ பெல்ட்டிலோ சிக்கும். குழாய் வடிவக் கழுத்துத் துணி போதும். ஹெல்மெட் கண்ணாடி மூச்சால் மங்காமல் இருக்க, உள்ளே ஒட்டும் பின்லாக் தகடு போன்ற இரட்டைக் கண்ணாடி வாங்குங்கள். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மின்சாரத்தில் சூடாகும் உடைகள் ரேஞ்சைத் தின்னும் என்று பயப்பட வேண்டாம். 80 கி.மீ. வேகத்தில் வண்டி சுமார் 5,000 வாட் இழுக்கிறது. சூடாகும் ஜாக்கெட்டுக்கு 90 வாட், கிளவுஸ் ஜோடிக்கு 30 வாட். இரண்டும் சேர்ந்தும் மூன்று சதவீதத்துக்குள்தான். பார்க்க வேண்டியது 12 வோல்ட் லைனின் ஃபியூஸை. வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும்: மேலே சொன்ன 120 வாட்டுக்கு 10 ஆம்பியர். உங்கள் வண்டியின் ஃபியூஸே 10 ஆம்பியர் என்றால் இரண்டையும் முழுச் சூட்டில் போடக் கூடாது. பெரிய ஃபியூஸ் மாட்டுவது தீர்வில்லை, வயரும், பிரதான பேட்டரியின் வோல்டேஜை 12-க்கு இறக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டரும் அதற்குத் தாங்காது. தனி பேட்டரியுள்ள கிளவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உப்பும் ஓய்வும்

பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து உலோகத்தின் மேல் ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். ஓட்டி வந்ததும் அழுத்தமில்லாத குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிரஷர் வாஷரை பேரிங்குகள், கனெக்டர்கள், சார்ஜிங் துளை பக்கம் கொண்டுபோகக் கூடாது. ரீஜெனையே நம்பி ஓட்டுபவர்களின் பிரேக்குகள் உப்பில் சீக்கிரம் இறுகும். பாதுகாப்பான இடத்தில் இரண்டு பிரேக்கையும் தினமும் சிலமுறை அழுத்திப் பிடித்து டிஸ்கைத் துடைத்துவிடுங்கள். துருத்தடுப்பு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்கிலும் பேடிலும் படவே கூடாது.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பிரதான பேட்டரியை 50 சதவீதம் அளவில் விட்டு, மாதம் ஒருமுறை பாருங்கள். பிளக்கில் மாட்டியே வைப்பதா கழற்றுவதா என்பதில் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு, கையேடு சொல்வதே முடிவு. வண்டியை மூட, காற்றோட்டமுள்ள உறை வாங்குங்கள். பிளாஸ்டிக் தாள் உள்ளே வேர்க்கும்.

பல வண்டிகளில் சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. பிரதான பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச் அதிலிருந்துதான் இயங்கும். அது இறங்கிவிட்டால் பிரதான பேட்டரி நிறைய இருந்தும் வண்டி அசையாது. அதன் வகைக்கேற்ற பராமரிப்பு சார்ஜரை மாட்டி வையுங்கள். அதுவும் லித்தியம் என்றால் உறைநிலைக்குக் கீழே அதற்கும் சார்ஜ் கூடாது.

வண்டி வாங்கும் முன் உரிமத்தையும் காப்பீட்டையும் விசாரித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பைக் ஓட்டுநர் உரிம வகைகளில் ஏ1 உரிமத்துக்கு 11 கிலோவாட், ஏ2 உரிமத்துக்கு 35 கிலோவாட் வரம்பு. மின்சார பைக்கில் தொடர்ந்து தரக்கூடிய பவர்தான் கணக்கு, விளம்பரத்தில் வரும் உச்ச பவர் அதைவிடப் பெரிய எண்ணாக இருக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ளதைப் பாருங்கள். சில நாடுகளில் பதிவும் காப்பீடும் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் செல்லும். பழைய வண்டியைக் குளிர்காலத்தில் வாங்கினால், ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் முன் அந்த மாதங்கள் எவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.